தட்டு போடும் முன் மூச்சைக் கேளுங்கள்

(நூலக அரங்கொன்றில் பல் மருத்துவர் ஒருவர் பொதுமக்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குறட்டையைப் பற்றிப் பேச ஒரு பல் டாக்டரை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்விதான். குறட்டை தொண்டையில் பிறப்பது. அதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கிறார், நுரையீரல் மருத்துவர் இருக்கிறார். ஆனால் நம் பக்கத்தில் குறட்டைக்கென்று டாக்டரிடம் போகிறவர்கள் குறைவு. கடைவாய்ப் பல் ஓரம் விண்டுவிட்டது என்று பல் டாக்டரிடம் வருவார்கள். போன வருஷம் போட்ட கேப் உடைந்துவிட்டது என்பார்கள். காலையில் எழுந்தால் தாடை கனக்கிறது, காதோரம் வலிக்கிறது, காதைப் பார்த்த டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார் என்பார்கள். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை இறக்கினால், ராத்திரி நடப்பதில் பாதி அங்கே தெரிந்துவிடும்.

என்ன தெரியும் என்று சொல்கிறேன். இதை நீங்களே இன்றைக்கு வீட்டில் கண்ணாடி முன்னால் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கோரைப் பல். அதன் நுனி கூராக இருக்க வேண்டும். தூக்கத்தில் பல்லை அரைப்பவருக்கு அது மழுங்கி, மேலே ஒரு தேய்வு, கீழே அதற்கு நேராக ஒரு தேய்வு என்று இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். தாடையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டும் ஒன்றோடு ஒன்று உட்காரும். அடுத்தது கன்னத்தின் உட்புறம். பற்கள் சேரும் இடத்துக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பிறகு நாக்கின் ஓரம். அங்கே வரிசையாகப் பல் பதிந்த அச்சு இருக்கும். கடைசியாகக் கன்னத்தில் கையை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். தாடை எலும்பின் மேல் ஒரு தசை கட்டி போலத் திரண்டு வரும். சிலருக்கு அது முகமே சதுரமாகத் தெரியும் அளவுக்குப் பெருத்திருக்கும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு யாரும் உடனே பயப்பட வேண்டாம். தேய்வு பத்து வருஷத்துக்கு முந்தையதாகவும் இருக்கலாம். எலுமிச்சை, குளிர்பானம், இரவில் எதுக்களித்து வரும் அமிலம் இவையும் பல்லைக் கரைக்கும். பல்லில் தெரிவது பழைய கணக்கு. இப்போதும் அரைக்கிறாரா என்பதைச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் படுப்பவர்.

அந்தப் பக்கத்தில் படுப்பவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணவருக்குப் பல் காட்ட வந்த ஒரு அம்மா, அவர் வாய் கொப்பளிக்கிற நேரம் பார்த்து என்னிடம் மெல்லச் சொன்னார்: "குறட்டை எனக்குப் பழகிப்போச்சுங்க டாக்டர். நடுவுல சத்தம் சட்டுனு நின்னுபோவுது பாருங்க, அப்பதான் எனக்குத் தூக்கம் கலையுது. கையை மூக்குகிட்ட வெச்சுப் பாப்பேன்." எந்த மருத்துவப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக நோய்க்குறியைச் சொல்லிவிட முடியாது. குறட்டையில் கவனிக்க வேண்டியது அந்த நிசப்தம்தான்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரியும். மெல்லண்ணமும் உள்நாக்கும் தொங்கும். குறுகிய வழியில் காற்று போகும்போது அவை அதிர்கின்றன. ஊதிய பலூனின் வாயை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருமே, அதே விஷயம்தான். வழி குறுகினால் சத்தம். மூடிக்கொண்டால் சத்தமில்லை, மூச்சுமில்லை; இதைத்தான் மூச்சடைப்பு என்கிறோம். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கில் எடுப்பார்கள். முழுக்க நிற்காமல் வெகுவாகக் குறைந்தாலும் கணக்கில் சேரும். இப்படி ஒரு மணி நேரத்தில் சராசரியாக 5 தடவைக்குக் கீழ் என்றால் பெரியவர்களுக்குச் சாதாரணம். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ஒவ்வொரு தடைக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, இதயம் வேகமெடுக்கிறது. எழுந்தது அவருக்கு நினைவிருக்காது. காலையில் தலைவலியும், பகலில் தூக்கமும், மாத்திரைக்கு அடங்காத ரத்தக் கொதிப்பும்தான் மிஞ்சும். இரவு பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது இருந்தால் ஆபத்து அவரோடு நிற்பதில்லை.

இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒன்றுதான். குறட்டை, பல் கடித்தல், தாடை வலி மூன்றும் வேறு வேறு. ஆனால் ஒரே ஆளின் வாயில் சேர்ந்து குடியிருக்கும். பல் டாக்டர் மூன்றுக்குமே "தட்டு" என்று ஒன்றைத்தான் கையில் எடுப்பார். அந்தத் தட்டுகள் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்றுக்குப் போட வேண்டியதை இன்னொன்றுக்குப் போட்டால் கெடுதல்கூட வரும். அதனால் எந்தத் தட்டையும் போடும் முன்னால் மூச்சைப் பற்றிக் கேட்டாக வேண்டும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டும்.

முதலில் பல் கடித்தல். குழந்தை தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்தால் நம் வீடுகளில் முதல் தீர்ப்பு, "வயித்துல பூச்சி." உடனே பூச்சி மாத்திரை. மாத்திரை கொடுப்பதில் தவறில்லை, பள்ளிக்கூடத்திலேயே கொடுக்கிறார்கள். ஆனால் பூச்சி போனாலும் பல் கடிப்பது போகாது. அது குழந்தைகளிடம் மிகச் சாதாரணம், பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும். பாட்டிகள் மட்டும் தப்பாகச் சொன்னார்கள் என்று நினைக்காதீர்கள். பல் டாக்டர்களாகிய நாங்களும் நீண்ட காலம் ஒரு தவறான காரணத்தைப் பிடித்துத் தொங்கினோம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகச் சேராததால்தான் ஒருவர் பல்லை அரைக்கிறார் என்பது அந்தக் காலத்துப் பாடம். 1961-இல் ராம்ஃப்யோர்ட் என்பவர் தசைகளின் மின்னலைகளைப் பதிந்து எழுதிய கட்டுரை அதற்குப் பெரிய பலம் கொடுத்தது. அதன்பின் உலகமெங்கும் பல் டாக்டர்கள் நல்ல பல்லின் மேட்டையெல்லாம் ராவி, கடிப்பைச் "சரிசெய்து" அனுப்பினார்கள். எனாமல் ஒருமுறை போனால் மறுபடி முளைக்காது.

அந்த எண்ணத்தை மாற்றியது தூக்கத்தையே அளந்து பார்த்த ஆராய்ச்சி. கனடாவின் மொன்ட்ரியாலில் ஜில் லவீன் என்ற பல் மருத்துவரும் அவர் குழுவும் தூங்குகிறவர்களின் மூளை, இதயம், தாடைத் தசை மூன்றையும் ஒரே நேரத்தில் பதிந்து பார்த்தார்கள். வரிசை இப்படி வந்தது: முதலில் உடம்பின் பதற்ற நரம்புகள் விழிக்கின்றன. மூளை அலை சில விநாடிகளுக்கு வேகமெடுக்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. அதன் பிறகே தாடைத் தசை வேலையைத் தொடங்குகிறது, பல் அரைபடுகிறது. அதாவது பல் இதில் கடைசி ஆள். அரைப்பது மூளையின் சிறு விழிப்போடு சேர்ந்த செயல். கவலை, மது, சிகரெட், ராத்திரி காபி, மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இவையெல்லாம் அதைக் கூட்டும். மூச்சடைப்பு உள்ளவர்களில் சிலருக்கும் இது சேர்ந்தே இருக்கிறது. ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். 2018-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட கருத்தில், வேறு நோயில்லாத ஒருவர் தூக்கத்தில் பல் கடிப்பதை நோய் என்றே சொல்ல வேண்டாம், அது தசையின் ஒரு செயல்பாடு என்றார்கள். பல் உடையாமல், வலி வராமல் இருந்தால் சும்மா விடலாம்.

உடைகிறது என்றால்? அப்போதுதான் நைட் கார்டு. மேல் பல்லை அளவெடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில் ஒரு மூடி மாதிரி செய்து, ராத்திரி போட்டுக்கொள்ளக் கொடுப்போம். பல்லுக்குப் பதில் தட்டு தேயும். அரைப்பதை அது நிறுத்தாது. சேதத்தை வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் மிருதுவான ரப்பர் வகையும் வருகிறது. அமெரிக்காவில் ஓகேசன் என்பவர் 1987-இல் பத்துப் பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டபோது, மிருதுவான தட்டு போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தசையின் வேலை கூடவே செய்தது. மெல்ல ஏதாவது கிடைத்தால் மெல்லத்தானே செய்வோம்.

இனி கவனமாகக் கேளுங்கள். அதே மொன்ட்ரியால் குழு 2004-இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. மூச்சடைப்பு உள்ள பத்துப் பேருக்கு, பல்லைக் காக்கப் போடும் மேல் தட்டைப் போட்டுத் தூங்க வைத்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு மூச்சுத் தடைகள் பாதிக்கு மேல் அதிகரித்தன. பத்துப் பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் காரணம் நம் கண்ணுக்கே புலப்படுகிறது. தட்டின் கனத்துக்கு வாய் கொஞ்சம் திறக்கும். வாய் திறந்தால் கீழ்த்தாடை நேரே இறங்காது, பின்னால் சுழன்று இறங்கும். தாடையோடு நாக்கும் பின்னால் போகும். ஏற்கெனவே குறுகிய வழி இன்னும் குறுகும். பல்லைக் காப்பாற்றினோம், மூச்சை அடைத்தோம் என்றாகிவிடும். இப்படித் தட்டு போட்டபின் பல் உடைவது நின்றதால் நோயாளிக்குத் திருப்தி, டாக்டருக்கும் திருப்தி. பகல் தூக்கம் கூடியதை யாரும் தட்டோடு சேர்த்து யோசிப்பதில்லை.

குறட்டைக்கான தட்டு இதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்யும். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டர் நோயாளியின் தாடைக் கோணத்தில் விரலை வைத்து முன்னால் தூக்கிப் பிடிப்பதைச் செவிலியர்கள் பார்த்திருப்பார்கள். தாடை முன்னால் வந்தால் நாக்கும் வரும், வழி திறக்கும். அந்த விரல் செய்வதை ராத்திரி முழுக்கத் தட்டு செய்கிறது. யோசனை பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரிஸில் பியேர் ரோபின் என்ற வாய் மருத்துவர், கீழ்த்தாடை மிகச் சிறிதாகப் பிறந்து நாக்கு பின்னால் சரியும் குழந்தைகளுக்குத் தாடையை முன்னால் நிறுத்தும் கருவியைச் செய்தார். பெரியவர்களுக்கு அது வந்து சேர 1980-கள் ஆயிற்று.

எப்படிச் செய்வது என்று சொன்னால் உங்களுக்கு ஏன் இது ஆன்லைனில் வாங்கும் சாமான் இல்லை என்பது புரியும். மேலும் கீழும் அளவெடுக்கிறோம். பிறகு தாடையை எவ்வளவு தூரம் முன்னால் நீட்ட முடிகிறது, எவ்வளவு தூரம் பின்னால் இழுக்க முடிகிறது என்று ஒரு சின்ன அளவுகோலைப் பல்லிடையில் வைத்து மில்லிமீட்டரில் குறிப்போம். அந்த முழுத் தூரத்தில் பாதி அளவு முன்னால் நிறுத்தி, மெழுகிலோ ரப்பர் பசையிலோ கடிப்பைப் பதிந்து லேபுக்கு அனுப்புவோம். வருவது இரண்டு தட்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டையும் இணைக்கும் திருகோ பட்டையோ இருபுறமும் இருக்கும். நோயாளியே வீட்டில் ஒரு சின்ன ஊசிச் சாவியால் வாரத்துக்குக் கொஞ்சமாகத் திருகி, கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று தாடையை முன்னால் கொண்டுபோவார். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் திருகித் தள்ளினால் தாடை மூட்டு பேச ஆரம்பித்துவிடும்.

முதல் சில ராத்திரிகள் எச்சில் வழியும், தலையணை நனையும். காலையில் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேராது. காபி குடிக்கலாம், தோசையைக் கடித்தால் விநோதமாக இருக்கும். அரை மணியில் சரியாகும். சரியாவதற்காகவே காலையில் கடித்துக்கொள்ள ஒரு சிறு துண்டு செய்து தருவோம். வருஷக் கணக்கில் போட்டால் முன்பற்களின் நிலை கொஞ்சம் மாறும். மேல் பல் மெல்ல உள்ளே சாய, கீழ்ப் பல் வெளியே சாயும். இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லாத டாக்டரை நான் நம்ப மாட்டேன். ஈறு நோயால் ஆடும் பல், கட்டுப் பல் செட், வலியுள்ள தாடை மூட்டு இருந்தால் இந்தத் தட்டு ஒத்துவராது. பிடித்துக்கொள்ள மேலும் கீழும் போதுமான பலமான பற்கள் வேண்டும்.

சத்தம் நின்றுவிட்டது என்பதால் மூச்சடைப்பு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. வீட்டுக்காரம்மா நிம்மதியாகத் தூங்குவார், இவருக்கு ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதலில் ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனை, தட்டு பொருந்திய பிறகு தட்டோடு இன்னொரு ஸ்லீப் ஸ்டடி. விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை என்று கட்டிக்கொண்டு இப்போது வீட்டிலேயே செய்யலாம். நோயைக் கண்டறிய வேண்டியது தூக்க மருத்துவம் தெரிந்த டாக்டர். பல் டாக்டர் தனியாக முடிவெடுக்கக் கூடாது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது; தட்டு யாருக்கு என்றும் சொல்கிறது: வெறும் குறட்டைக்கும், காற்றழுத்தக் கருவியைத் தாங்க முடியாத அல்லது வேறொன்றை விரும்பும் மூச்சடைப்பு நோயாளிக்கும், ஆளுக்கேற்றுச் செய்த, திருகிச் சரிசெய்யக்கூடிய தட்டு.

காற்றழுத்தக் கருவி என்றது சிபேப்பை. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உருவாக்கியது. மூக்கில் மூடி, குழாய் வழியே இடைவிடாத காற்று. கடுமையான மூச்சடைப்புக்கு இன்றும் அதுவே முதல் சிகிச்சை. மூச்சுத் தடைகளைத் தட்டைவிட அதிகமாகக் குறைப்பது அதுதான். இதில் பல் டாக்டர்கள் பெருமை பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் மேஜைமேல் இருக்கும் கருவி யாருக்கும் மூச்சு கொடுக்காது. 2013-இல் சிட்னியிலேயே இரண்டையும் ஒரே ஆட்களிடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். சிபேப்பைச் சராசரியாக இரவுக்கு 5 மணி நேரத்துக்குச் சற்று மேல் போட்டார்கள், தட்டை ஆறரை மணி நேரம். ஒரு மாதக் கடைசியில் ரத்த அழுத்தம் போன்றவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

நடுவில் ஒரு சுவாரஸ்யம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நீளமான ஊதுகுழல் டிஜெரிடூ. அதை நான்கு மாதம் வாசிக்கப் பழகியவர்களுக்கு மூச்சடைப்பும் பகல் தூக்கமும் குறைந்ததாக 2006-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 25 பேர்தான். 2017-இல் அதற்குச் சிரிக்க வைக்கும் இக் நோபல் பரிசும், அதிலும் அமைதிக்கான பரிசு, கொடுத்தார்கள். தொண்டைத் தசைப் பயிற்சி என்பதே விஷயம். நம் நாயனக்காரர்களை வைத்து யாராவது செய்து பார்த்தால் முதல் வரிசையில் உட்கார நான் தயார்.

கடைசியாகத் தாடை வலி. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஒரு மூட்டு நகர்வது தெரியும். அதற்குள் ஒரு சிறு வட்டு இருக்கிறது. அது கொஞ்சம் விலகினால் 'டக்' என்று சத்தம். வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றம். சத்தம் வருகிறதே டாக்டர் என்பார்கள். வரட்டும். 1934-இல் அமெரிக்காவில் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பல் போய்த் தாடை இறங்குவதால்தான் காது வலியும் தலைவலியும் என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் தாடையைப் "பிடித்துச் சரிசெய்யும்" ஆசை நிலைத்துவிட்டது. அதன் உச்சம் 1980-களில் மூட்டுக்குள் டெஃப்லான் கலந்த செயற்கை வட்டு வைத்தது. அது துகள் துகளாக உதிர்ந்து எலும்பையே அரித்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அதைத் திரும்பப் பெறச் செய்தது. அதற்குள் பலர் முகத்தில் ஆபரேஷனுக்கு மேல் ஆபரேஷன்.

பெரும்பாலான தாடை வலி தசை வலி. சில வாரம் மிருதுவான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், பெரிய கொட்டாவியைக் கைகொடுத்து அடக்குவது, தேவைப்பட்டால் சில நாள் வலி மாத்திரை. இதோடு அதிகம் பேருக்கு அடங்கும். பகலில் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம்தான் நான் கண்ட பெரிய குற்றவாளி. கம்ப்யூட்டர் முன்னால், டூவீலரில், சீரியல் பார்க்கும்போது கவனியுங்கள். உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக்கூடாது. சாப்பாட்டையும் சேர்த்து ஒரு நாளில் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டியது சுமார் 20 நிமிடம்தான். இப்போது கன்னத் தசையில் போட்டாக்ஸ் ஊசி போடுவது பரவுகிறது. அது கடிக்கும் பலத்தைக் குறைக்கும், கடிக்கும் தடவைகளைக் குறைக்காது. முகம் மெலிவதற்காகப் போட்டுக்கொள்வது வேறு கதை.

வாய் மூன்று விரல் அகலம் திறக்கவில்லை, திறந்த வாய் பூட்டிக்கொண்டது, ஒரு பக்கம் வீங்குகிறது, முகம் மரத்துப்போகிறது என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் விஷயத்திலும் ஒன்று: பல் கடிப்பதற்குக் கவலைப்பட வேண்டாம் என்றேன். ஆனால் தினமும் குறட்டை விட்டு, வாயைத் திறந்து தூங்கி, பகலில் துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காத குழந்தைக்கு டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் வீங்கியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு சங்கதியை யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், கண்புரையோ ஹெர்னியாவோ, மயக்க டாக்டரிடம் குறட்டையையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதையும் சொல்லுங்கள். நாக்கை நீட்டச் சொல்லி உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று அவர் பார்ப்பார். அந்தச் சோதனையை 1985-இல் எழுதியவர் ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் மயக்க மருந்து நிபுணராக இருந்த மல்லம்பட்டி சேஷகிரி ராவ்; இன்று உலகமெங்கும் அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. மயக்க மருந்தும், வலிக்குப் போடும் பலமான ஊசியும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரையும் அப்படியே. தட்டு வைத்திருப்பவர்கள் அதை டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், சிபேப் வைத்திருப்பவர்கள் கருவியை. ஆபரேஷன் முடிந்த முதல் சில ராத்திரிகளில் அது அதிகம் தேவைப்படும். வீட்டுக்கு வந்ததும் தட்டை வெந்நீரில் கழுவாதீர்கள், அக்ரிலிக் வளைந்துவிடும். பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.